சிரிக்கவே கூடாத மூவர்

ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் ஓர் அபாரமான நாடகம் எழுதினார்கள். 1993-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மூன்று நடிகர்கள், வெள்ளைக் கோட்டு, விரல்விட்டு எண்ணிவிடலாம் போல வசனம். மேடையில் நிற்கும் நான்காமவருக்கு மட்டும் இது நாடகம் என்று தெரியாது! ‘ட்ரையர் சமூக அழுத்தச் சோதனை’ என்று பெயர். வாருங்கள், பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்போம்.

காட்சி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையில் கண்விழித்த அரைமணி, முக்கால்மணிக்குள் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் தானாகவே உச்சத்துக்கு ஏறிவிடும். அந்தப் பேரலையில் சோதனை எழுப்பும் அலை தெரியாமல் போகும்.

வந்தவரிடம், “உங்களுக்குப் பிடித்த வேலைக்கு நேர்காணல், ஐந்து நிமிடம் பேசுங்கள்” என்பார்கள். எதிரே மைக், கேமரா, அந்த மூவர். நாம் கதை சொன்னால் கேட்பவர் ‘ம்’ கொட்டுவாரே, அந்த ஒரு ‘ம்’கூட இங்கே வராது. தலையசைப்பு இல்லை, புன்னகை இல்லை. அந்தக் கல்முகத்துக்காக மூவரும் முன்கூட்டியே பயிற்சி எடுத்திருப்பார்கள் என்பதை முதலில் படித்தபோது நான் துள்ளிக் குதிக்காத குறைதான். பேச்சு வற்றினால், “இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்.”

அடுத்து கணக்கு. 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்க வேண்டும். 1009, 996, 983... ஓர் எண் பிசகினால், “தவறு. மறுபடியும் 1022.” இதை எழுதும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

இப்போது உடம்புக்குள் நுழைவோம். பரிவு நரம்புகள் நொடிகளில் விழித்துக்கொள்கின்றன. அட்ரினலின் பாய்கிறது, இதயம் தடதடக்கிறது. கார்ட்டிசாலோ நிதானப் பேர்வழி. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்ப, அது ரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லியனுப்ப, அதன் பிறகுதான் கார்ட்டிசால் புறப்படும். அதனால் உச்சம் வருவது நாடகம் முடிந்து பத்து, இருபது நிமிடம் கழித்து! ஆள் அறையைவிட்டு வெளியே வந்து, வாயில் பஞ்சுச் சுருளை அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பஞ்சில் ஊறிய எச்சில்தான் கார்ட்டிசாலை அளக்கும் ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

வேலை முடிந்த கார்ட்டிசால் மூளைக்கே திரும்பிப் போய், “போதும், நிறுத்து” என்கிறது. ஹைப்போதலாமஸும் நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸும் அதைக் கேட்டுப் பிரேக் போடுகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு! கேள்வி, அந்தப் பிரேக் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதுதான்.

1995-இல் வெளியான ஓர் ஆய்வில் 20 ஆண்களை ஐந்து நாள் இதே மாதிரி நிற்கவைத்தார்கள். 13 பேரின் உடம்பு, “அட, நேற்றுப் பார்த்த முகங்கள்தானே” என்று சீக்கிரமே அடங்கிவிட்டது. மீதி ஏழு பேருக்குக் கார்ட்டிசால் திரும்பத் திரும்ப எகிறியது. அந்த ஏழு பேரை என்னால் மறக்கவே முடியவில்லை. கடன், ஓயாத சண்டை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இரவுகள் என்று ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தில் வாழ்கிறவர்களுக்கு அறை மாறுவதே இல்லை. மூவரும் எழுந்து போவதே இல்லை.

பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்.சி.பி.எஸ்.) ஆய்வகம் 2002-இல் இன்னோர் அறையைத் திறந்து காட்டியது. தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் குறுகின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ தழைத்தன. பிரேக் பிடிக்கும் இடம் மெலிய, அபாய மணி அடிக்கும் இடம் கொழுக்கிறது! கார்ட்டிசாலும் எப்போதும் மேலேயே நிற்பதில்லை. நீண்ட நாள் அழுத்தத்தில் வாழும் மனிதர்கள் பலருக்குக் காலை உச்சம் தணிந்து, இரவில் இறங்க வேண்டியதும் இறங்காமல், நாள் முழுக்கத் தட்டையாகிவிடுகிறது.

ஒருநாள் எச்சில் ஒருநாள் கதையைத்தான் சொல்லும். மாதக்கணக்கில் அறிய, பின்னந்தலையில் கொஞ்சம் முடி வெட்டுகிறார்கள். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வளரும்போதே கார்ட்டிசாலையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். வேரை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் என்றால் கடந்த மூன்று மாதம். வெட்டிய முடியை அலுமினியத் தாளில் மடித்து, எந்த முனை தலையோடு ஒட்டியிருந்தது என்று அடையாளம் போட்டுவைப்பார்கள். முனை மாறிப்போனால் போன மாதம் எது, அதற்கு முந்தியது எது என்றே தெரியாதல்லவா!