அரங்கும் இசைத்தட்டும்

நுழையும்முன்

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது. கரையும் ஒலியைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழியை மனிதர் அறிந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. அதன் பயனாக, மறைந்த கலைஞரின் குரலை இன்றும் கேட்க முடிகிறது. ஆயினும் மார்கழி மாதத்தில் மக்கள் இசையரங்குகளை நாடிச் செல்வது குறையவில்லை. நேரில் கேட்கும் இசைக்கும் பதிவில் கேட்கும் இசைக்கும் உள்ள உறவை இப்பாடம் விளக்குகிறது.

இரு பாடகர்கள்

மகா வைத்தியநாதையர் 1893ஆம் ஆண்டு மறைந்தார். தஞ்சைப் பகுதியில் பிறந்து தமிழகமெங்கும் புகழ்பெற்ற பாடகர் அவர். அவருடைய குரல் எத்தகையது? அதை அறிய இன்று ஒரே வழி, கேட்டவர்கள் எழுதி வைத்தவற்றைப் படிப்பதே ஆகும். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அவருடைய வரலாற்றை நூலாக எழுதியுள்ளார். அந்நூலைப் படிப்போர் அவருடைய பெருமையை உணரலாம். குரலைக் கேட்க இயலாது.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியவர் அவர். அவரை மேடையில் கண்டு கேட்ட தலைமுறை மறைந்துவிட்டது. ஆனால், அவர் பாடிய இசைத்தட்டுகள் இருக்கின்றன. அக்குரலின் உயரத்தையும் விரைவையும் பதினேழு வயது மாணவர் ஒருவர் இன்று மாலையே கேட்கலாம்.

இருவரும் மறைந்த ஆண்டுகளுக்கு இடையே உள்ளவை 40 ஆண்டுகளே. அந்த இடைவெளியில் இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது ஒலிப்பதிவுக் கலை. இசையைக் கேட்கும் முறையையே அது மாற்றியது.

அரங்கு என்னும் நிகழ்வு

தமிழர் இசையை நெடுங்காலமாகவே அரங்கக் கலையாகப் போற்றினர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்கின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கூறுகிறது. இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் விரிவாக உரைக்கிறது. அரங்கிசை என்பது தனியொருவரின் திறமையன்று. பலர் ஒன்றுகூடி உருவாக்குவது என்னும் உண்மையை இதனால் அறியலாம்.

இன்றைய கருநாடக இசைக் கச்சேரியும் அத்தகையதே. தம்பூரா இடையறாது சுருதியை ஒலிக்கிறது. பாடகர் நடுவில் அமர்கிறார். வயலின் அவர் குரலை நிழல்போல் பின்தொடர்கிறது. மிருதங்கமும் கடம் அல்லது கஞ்சிராவும் தாளத்தைத் தாங்குகின்றன. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளைப் பாடி, விரிவான ஓர் உருப்படியை நடுநாயகமாக அமைத்து, இறுதியில் சிறிய பாடல்களைப் பாடி, மங்களத்துடன் நிறைவு செய்வது இன்றைய வழக்கம். இம்முறையைச் செப்பனிட்டுப் பரப்பியதில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்குப் பெரும்பங்கு உண்டு.

கச்சேரியில் பாடப்பெறும் கீர்த்தனை முன்பே இயற்றப்பட்டது. ஆனால், அதனைச் சூழ்ந்து அமையும் பகுதிகள் அந்த நேரத்தில் பிறப்பவை. சொற்களின் துணையின்றி இராகத்தின் உருவத்தைப் படிப்படியாகக் காட்டுவது ஆலாபனை. பாடலின் ஓர் அடியை எடுத்துக்கொண்டு, சொற்களை மாற்றாமல் இசையை மட்டும் பலவாறு மாற்றிப் பாடுவது நிரவல். சுர எழுத்துகளைக் கோவைகளாகப் புனைந்து, ஒவ்வொரு முறையும் அடி தொடங்கும் இடத்திற்குப் பிசகாமல் வந்து சேர்வது கற்பனைச் சுரம். இவற்றை மனோதர்ம இசை என்பர்.

மனோதர்ம இசை கேட்போரையும் சார்ந்தது. பாடகர் தாரச் சுரம் ஒன்றில் நிலைத்து நிற்கும்போது அரங்கு அமைதியில் ஆழ்ந்தால், அவர் மேலும் சில நொடிகள் அங்கே நிற்பார். சுரக்கோவை ஒன்று தாளத்தில் பொருந்தி விழும்போது முன்வரிசையில் ஒருவர் தலையசைத்தால், அடுத்த கோவை மேலும் துணிவாகப் பிறக்கும். கேட்போர் கவனம் சிதறினால் ஆலாபனை சுருங்கும். ஆகவே, அரங்கில் அமர்ந்திருப்பவர் இசையைப் பெறுபவர் மட்டுமல்லர். அதன் உருவாக்கத்தில் பங்கு கொள்பவரும் ஆவார்.

வீணை தனம்மாள் சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை வாசித்து வந்தார். வீணையின் ஒலி மென்மையானது. அதைக் கேட்பதற்குச் சுற்றியிருப்போரின் அமைதி இன்றியமையாதது. இசைக்கலைஞர்களும் இசையறிந்தோரும் அங்குச் சென்று மூச்சடக்கிக் கேட்டனர். அந்த அமைதியும் அவ்விசையின் ஒரு பகுதியே எனலாம்.

மூன்று நிமிட இசை

தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டு ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியை உருவாக்கினார். அதன்பின் தட்டையான இசைத்தட்டுகள் வழக்கத்திற்கு வந்தன. 1902ஆம் ஆண்டு கொல்கத்தாவில் இந்துஸ்தானி இசைப்பாடகி கௌஹர் ஜானின் பாடல்கள் பதிவு செய்யப்பெற்றன. பாடி முடித்ததும் அவர் தம் பெயரையும் பதிவிலேயே சொன்னார். இசைத்தட்டுகள் அப்போது செருமனியில் அச்சிடப்பட்டன. பாடியவர் யார் என்பதை அங்குள்ள பணியாளர் அறிவதற்கு அது உதவியது.

தொடக்ககாலப் பதிவில் மின்சாரத்திற்கு இடமில்லை. கலைஞர் பெரிய கூம்பு ஒன்றின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அவ்வொலியின் அதிர்வு ஓர் ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெல்லிய ஒலிகள் அக்கோட்டில் பதிவதில்லை. ஏறத்தாழ 1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கியைப் பயன்படுத்தும் மின்முறைப் பதிவு வந்த பின்னரே நுண்ணிய ஒலிகளும் இடம்பெறத் தொடங்கின.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். இரவு முழுவதும் கோயில் வீதிகளில் ஒரே இராகத்தை விரித்து வாசிக்கப் பழகிய நாகசுரக் கலைஞருக்கு இது எத்தகைய கட்டுப்பாடு! ஆயினும் திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளை தம் புகழ்பெற்ற தோடி இராகத்தை இசைத்தட்டில் வாசித்தார். நெடுநேரம் விரியும் இராகத்தின் சாரத்தைச் சில நிமிடங்களில் காட்ட வேண்டியிருந்ததால், தேவையற்ற ஒரு சுரமும் நுழைய இடமில்லாது போயிற்று. கருவியின் குறையே கலைக்கு ஒருவகைச் செறிவைத் தந்தது.

பதிவு தந்த கொடை

இசைத்தட்டு பலருக்குக் கதவைத் திறந்தது. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலிய பெண் கலைஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இசைத்தட்டுகளில் பாடினர். அரங்கிற்குச் செல்ல வாய்ப்பில்லாத இல்லங்களிலும் அவர்களுடைய குரல் ஒலித்தது. 1938ஆம் ஆண்டு அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிய பின்னர், நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவரும் பெருங்கலைஞர்களைக் கேட்டனர்.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெடுநேர இசைத்தட்டு அறிமுகமாயிற்று. அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்ய முடிந்தது. ஒலிநாடா வந்தபின் முழுக் கச்சேரியையும் பதிவு செய்தல் எளிதாயிற்று. மதுரை மணி ஐயர், ஜி.என்.பாலசுப்பிரமணியம் ஆகியோரின் நீண்ட கச்சேரிகள் இன்றும் கேட்கக் கிடைப்பதற்கு ஒலிநாடாவே காரணம். அப்பதிவுகளில் சுருதி சேர்க்கும் ஓசை, இருமல், கைத்தட்டல் ஆகியவையும் கேட்கின்றன. அவை இசைக்குக் குறை அல்ல. அன்றைய அரங்கின் உயிர்ப்பை உணர்த்தும் சான்றுகள்.

பதிவின் தனிச்சிறப்பு, மீண்டும் கேட்க இயலும் என்பதே. அரங்கில் ஒரு சங்கதி மின்னலெனத் தோன்றி மறையும். பதிவில் அதை நிறுத்தி, பின்சென்று, பத்துமுறை கேட்கலாம். முதன்முறை பாடலின் மெட்டு மட்டுமே மனத்தில் நிற்கும். அடுத்தமுறை வயலின் எங்கே விலகி எங்கே இணைகிறது என்பது புலப்படும். பின்னர் மிருதங்கம் சொல்லின் அழுத்தத்திற்கேற்ப ஒலிப்பது தெரியும்.

பதிவு அளவுகோல் ஆகும்போது

இக்கொடைக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு பதிவையே திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு அதுவே அப்பாடலின் ஒரே வடிவம் என்னும் எண்ணம் தோன்றிவிடுகிறது. அவர் அரங்கிற்குச் செல்லும்போது அதே சங்கதிகளை அதே வரிசையில் எதிர்பார்க்கிறார். பாடகர் வேறுவழியில் சென்றால் ஏமாற்றம் அடைகிறார். பதிவுக்கூடத்தில் பாடும் கலைஞர் பிழை நேர்ந்தால் மீண்டும் பாடலாம். அரங்கில் அதற்கு வழியில்லை. அங்குத் தொண்டை கரகரக்கலாம். தந்தி அறுந்து போகலாம். எடுத்துக்கொண்ட சுரக்கணக்கு ஓர் எண்ணிக்கை பிசகலாம். பழுதற்ற பதிவுகளில் மட்டுமே பழகிய செவி இவற்றைப் பொறுப்பதில்லை.

கேட்போர் இவ்வாறு மாறினால் கலைஞரும் மாறுவார். பிழைக்கு அஞ்சி, முன்பே பழகியதையே மீண்டும் பாடுவார். புதியதொரு சுரக்கோவையைத் தேடிச் செல்லும் துணிவு குறையும். மனோதர்மம் மெல்ல மறைந்தால் கச்சேரி என்பது இசைத்தட்டின் படியாகிவிடும். அந்நிலையில் இழப்பு கலைஞருக்கு மட்டுமன்று, கேட்கும் தலைமுறைக்கும்தான்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அன்று இசை மூன்று நிமிடங்களில் அடங்கியதற்குக் கருவியின் எல்லை காரணம். இன்று கைப்பேசியில் எத்தனை மணி நேர இசையும் அடங்கும். ஆயினும் முதல் நிமிடத்திலேயே அடுத்த பாடலுக்குத் தாவும் விரல் அதனைச் சுருக்கிவிடுகிறது. நீண்ட ஆலாபனை ஒன்று மெல்லத் தொடங்கி, ஏறி, நின்று, இறங்கும் அழகைப் பொறுமையுடையோரே நுகர இயலும். இடையில் எழுந்து செல்ல மனம் வராத அரங்கு அப்பொறுமையை இயல்பாகவே கற்பிக்கிறது.

கேட்கப் பழகுதல்

இசை நுகர்வு பிறவியிலேயே அமைவதன்று, பழக்கத்தால் வளர்வது. முதலில் தாளத்தைப் பற்றிக்கொள்ளலாம். ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல் முதலாக மூன்று விரல் எண்ணல், பின் ஒரு தட்டும் ஒரு வீச்சும், மீண்டும் ஒரு தட்டும் ஒரு வீச்சும் என அது அமையும். இதனைக் கையில் போட்டுக்கொண்டே கேட்பவர், கற்பனைச் சுரத்தின் முடிவில் பாடகர் எடுப்பிற்கு வந்து சேரும் இன்பத்தைத் தாமும் அடைவார்.

அடுத்து ஓர் இராகத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மோகனம் இதற்கு ஏற்றது. ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களால் ஆனது அது. பழந்தமிழர் முல்லைத்தீம்பாணி என்று வழங்கியது இதனையே என்று இசையறிஞர் கருதுவர். மோகனத்தில் அமைந்த ஒரு பாடலை மூன்று கலைஞர்களின் பதிவுகளில் கேட்டால், மாறாமல் நிற்பது எது, கலைஞருக்குக் கலைஞர் மாறுவது எது என்பது விளங்கும். மாறாதது இராகத்தின் இலக்கணம். மாறுவது கலைஞரின் கற்பனை.

இவ்வாறு பழகிய செவியுடன் அரங்கிற்குச் செல்ல வேண்டும். கோயில் திருவிழா நாகசுரம், பள்ளி விழா, நுழைவுக் கட்டணமில்லாத சபா நிகழ்ச்சி என எதுவாயினும் பொருந்தும். நான்காவது கலைஞர் அதே மோகனத்தை அன்று எவ்வாறு காட்டப்போகிறார் என்பதை எவரும் அறியார். பாடகர்கூட முழுமையாக அறியார். அந்த அறியாமையே அரங்கின் இன்பம்.

நிறைவாக

கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்று சுழலும்போது 1933ஆம் ஆண்டிற்கு முன் ஒலித்த குரல் இன்றைய அறையில் நிறைகிறது. அவருக்கு அன்று கைத்தட்டியவர்கள் அக்குரலின் அடுத்த அசைவு என்னவென்று தெரியாமல் காத்திருந்தார்கள். தட்டில் குரல் எஞ்சியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு எஞ்சவில்லை. அதனைப் பெற, இன்று வாழும் கலைஞர் ஒருவர் முன் சென்று அமர வேண்டும். பதிவு செவியைப் பழக்குகிறது; பழகிய செவி அரங்கை வாழ்விக்கிறது.

கற்பவை கற்றபின்

1. ஒரே பாடலை இருவேறு கலைஞர்களின் பதிவுகளில் கேட்டு, நீங்கள் உணர்ந்த ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊர்த் திருவிழாவில் நாகசுரம் அல்லது தவில் இசைக்கும் கலைஞரைச் சந்தித்து, கேட்போரின் ஈடுபாடு வாசிப்பை எவ்வாறு மாற்றுகிறது என வினவி, செய்தியாக எழுதுக.

3. ‘பதிவு இருக்கும்போது அரங்கு எதற்கு?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.