கல்குவாரியில் யாருக்கு வேலை?

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், மருத்துவர் யார், பணிப்பெண்கள் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நெல் என்று ஆள் ஆளாகக் கணக்குச் சொல்கிறது. அதே வட்டாரத்தில் இன்று கல்குவாரிகளும் கிரஷர்களும் ஓடுகின்றன. டிப்பர் கிளப்பும் தூசி ஊருக்கு வந்துவிடுகிறது. உள்ளே வேலை யாருக்கு, பயிற்சி பெற்றவர் யார் என்ற விவரம் மட்டும் வருவதில்லை.

உள்ளூர்க்காரருக்கு வேலை கேட்பது நியாயம். ஆனால் அதைக் கட்டாயமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர் மக்களுக்கே என்று ஹரியானா கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

பயிற்சி விஷயம் வேறு. சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் 1966-லேயே வந்துவிட்டன. பயிற்சியில்லாத ஆளைக் குவாரியில் இறக்கக் கூடாது. மேட், பிளாஸ்டர் (வெடி வைப்பவர்), ஃபோர்மேன் போன்ற பொறுப்புகள் என்றால் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஊர் இளைஞர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சான்றிதழோடு போய் நிற்கிறவனிடம் 'உனக்கு வேலை தெரியாது' என்று சொல்ல முடியாது.

வெளிமாநிலத் தொழிலாளியை விரட்டும் பேச்சு இதில் வரக் கூடாது. 2021 பிப்ரவரியில் பக்கத்து மதூர் குவாரியில் சரிவு ஏற்பட்டு உயிர்கள் போயின. எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறவருக்குப் பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்கு விதி இருந்தும் பிடி தளர்வது ஏன்? குத்தகை தருவது மாவட்ட நிர்வாகம். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். இருவருக்கும் நடுவே பயிற்சி விழுந்துவிடுகிறது. பணம் இல்லை என்ற சாக்கும் எடுபடாது. 2015 சட்டத்திருத்தத்தில் பிறந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியின் முன்னுரிமைச் செலவுகளில் திறன் மேம்பாடும் ஒன்று. அதைக் கொண்டு அருகிலுள்ள உத்திரமேரூரிலேயே பயிற்சி நடத்தலாம்.

குவாரிக்கு அனுமதி கேட்கும்போது கொடுக்கும் சுற்றுச்சூழல் அறிக்கைகளில் உள்ளூர் வேலைவாய்ப்பு தவறாமல் இடம்பெறுகிறது. அனுமதி கிடைத்த பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையும் தர வேண்டும். எத்தனை உள்ளூர் ஆட்களை எடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தார்கள் என்ற இரண்டு வரியை அதில் கட்டாயமாக்கி, நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அனுமதிக்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதியாக வேண்டும் என்பது விதி. அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை மனுவாகவே கொடுங்கள்.