இலங்கைக்கு எந்த மாதம், எந்தக் கரை?

“இலங்கைக்குப் போக எந்த மாதம் நல்லது?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், டிசம்பர் முதல் மார்ச் வரை என்பதுதான். கொழும்பு, காலி, வெலிகம என்று தென்மேற்கில் சுற்றுகிறவருக்கு அது சரியான பதில். அதை நம்பி டிசம்பர் நடுவில் மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ கடலோர விடுதி பிடித்தவர் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேரிடும். அங்கே அது அடைமழைக் காலம். இந்தத் தீவுக்குப் புறப்படுகிறவர் முதலில் எந்தக் கரைக்குப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். மாதம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

பரப்பில் இலங்கை தமிழ்நாட்டில் ஏறத்தாழ சரிபாதி. இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மழையுமாக இருப்பதற்குக் காரணம் நடுவே எழும் மலைநாடு. அதன் உச்சியான பிதுருதலாகல 2,524 மீட்டர் உயரம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று, கடலில் அள்ளிய ஈரத்தோடு இந்த மலையின் மேற்குச் சரிவில் வந்து மோதுகிறது. மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. வட்டவளை, கினிகத்தேனை போன்ற தேயிலை ஊர்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்வது இதனால்தான். ஈரத்தை இழந்த அதே காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி, வறண்டு போகிறது. மட்டக்களப்புப் பக்கம் அதைக் கச்சான் என்பார்கள். ஜூன், ஜூலை நண்பகலில் அது முகத்தில் அறைந்தால் மேற்கே மழை பெய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ரயிலில் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்டிப் பக்கமிருந்து பதுளைக்குப் போகும் பாதையில் பட்டிப்பொல என்று ஒரு நிலையம் வரும். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அது. அதைத் தாண்டி ஒரு சுரங்கப்பாதை. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தூறலும் மூடுபனியுமாக உள்ளே நுழையும் ரயில், அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவது உண்டு. வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழாகும்.

வாடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வங்கக் கடலிலிருந்து வீசுவது. வடக்கு, கிழக்கு, மலையின் கிழக்குச் சரிவு ஆகியவை அப்போது நனையும். உண்மையில் அங்கே மழை அக்டோபரிலேயே தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தின் மழைக்காலம் நாகப்பட்டினத்தின் மழைக்காலம்தான். இரண்டு ஊருக்கும் ஒரே வானம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது. அந்த மாதம் முடியும் முன்பே கடல் கொந்தளிப்பால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கப்பலில் போக நினைப்பவர் ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுவது நல்லது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையையும் தாக்கியது. 1978 நவம்பர் புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. அக்டோபர், நவம்பர் இரண்டும் தீவு முழுவதற்குமே மழை மாதங்கள் என்பதால், தேதி உங்கள் கையில் இருந்தால் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

தீவு முழுவதையும் ஒரே பயணத்தில் சுற்ற வேண்டும் என்றால் பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் என் தேர்வு. வடக்கில் மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், தென்மேற்கில் மழை தொடங்கியிருக்காது. மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகில் போகும் பருவமும் அப்போது நடந்துகொண்டிருக்கும். சிவனொளிபாத மலைக்கும் இதுவே காலம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரைதான் அங்கே யாத்திரைப் பருவம். மற்ற மாதங்களில் படிக்கட்டு விளக்குகளும் வழிக் கடைகளும் இருக்காது. இருட்டில், மழையில், ஆளில்லாத ஆயிரக்கணக்கான படிகளை வீம்புக்காக ஏறாதீர்கள்.

ஏப்ரலை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மாதம் ஏறக்குறைய 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் தீவுக்கு நேர் உச்சியில் நிற்கும். காலையில் சுள்ளென்ற வெயில், பிற்பகலில் இடி மின்னலோடு மழை. இதன் நடுவே தமிழ், சிங்களப் புத்தாண்டு வரும். கொழும்பு காலியாகும், கடைகள் நாட்கணக்கில் மூடும், ஊருக்குப் போகும் பேருந்துகளில் நிற்க இடம் இருக்காது. வெயிலுக்குத் தப்பி நுவரெலியாவுக்குப் போகலாம் என்றால் ஊரே அங்கே வந்திருக்கும், அறை வாடகையும் ஏறியிருக்கும். உறவினர் வீட்டில் புத்தாண்டு கொண்டாடப் போகிறவருக்கு இது அருமையான மாதம். விடுதியை நம்பிப் போகிறவருக்கு இல்லை.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். லண்டன், டொராண்டோ குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் வருவது அப்போதுதான். பயண நிறுவனங்கள் இந்த மாதங்களை ‘மழைக்காலம்’ என்று சொல்லிவிடுவது மேற்குக் கரையை மட்டும் மனதில் வைத்து. யாழ்ப்பாணத்தில் அப்போது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும், செம்மண் புழுதி பறக்கும், மழை இருக்காது. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள் நடப்பதும், கண்டியில் எசல பெரஹரா ஊர்வலம் போவதும், மடு மாதாவுக்கு ஆகஸ்ட் 15 திருவிழா எடுப்பதும் இந்தப் பருவத்தில்தான். திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் கடல் அடங்கியிருக்கும், பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், அறுகம் குடாவில் அலைச்சறுக்குக்காரர்கள் குவிந்திருப்பார்கள். வறட்சியில் காட்டுக் குட்டைகள் வற்ற, மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கரையில் புல் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும். ஒரு தமிழ்க் குடும்பம் ஒரே ஒரு முறைதான் இலங்கைக்குப் போக முடியும் என்றால், வெயிலைப் பொறுத்துக்கொண்டு இந்த மாதங்களில் வடக்கும் கிழக்கும் போகச் சொல்வேன்.

அதே மாதங்களில் தென்மேற்குக் கரையில் நாள் முழுக்க மழை பெய்துகொண்டே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு பாட்டம் பெய்து வெளுக்கும். காலிக் கோட்டையைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம், அறையும் மலிவு. ஆனால் கடலில் இறங்காதீர்கள். அந்தப் பருவத்தில் அலை பெரிது, உள்ளிழுக்கும் நீரோட்டம் அதைவிட மோசம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே அது கொண்டுபோயிருக்கிறது. கரையில் சிவப்புக் கொடி இருந்தால் கணுக்கால் நனைப்பதோடு திரும்பி வாருங்கள். குழந்தைகளை அதற்கும் விடாதீர்கள்.

இனி பை. இங்கே வெப்பத்தைவிட ஈரப்பதத்தைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். உடம்பைக் குளிரவைப்பது வியர்வை. ஆனால் அது காற்றில் காய்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழிந்து சட்டையில் ஊறுமே தவிர உடம்பு குளிராது. மதுரையின் 36 டிகிரியைவிடக் கொழும்பின் 31 டிகிரி அதிகம் வதைக்கும் நாட்கள் உண்டு. இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. ஆகவே துணி விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஓர் இரவில் காய வேண்டும். கொண்டுபோக நினைப்பதை வீட்டில் இரவு அலசி, மின்விசிறிக்குக் கீழே கட்டிப் பாருங்கள். காலையில் ஈரம் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் இந்தச் சோதனையில் தோற்கும். பூத்துவாலையும் தோற்கும். மெல்லிய பருத்திச் சட்டை, வேட்டி, சாரம், ஈரிழைத் துண்டு எல்லாம் தேறும். பத்து நாள் பயணத்துக்கு நான்கு செட் துணி போதும். தினமும் ஒன்றை அலசிப் போட்டால் சரி.

அந்த மெல்லிய துணிகளோடு ஒரு ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி காலுறையும் கட்டாயம் வேண்டும். ‘வெப்ப நாடு’ என்று நம்பிப் போகிறவர்கள் நடுங்குவது நுவரெலியாவில். கடலுக்கு மேலே சுமார் 1,870 மீட்டரில் இருக்கும் அந்த ஊரின் சராசரி வெப்பநிலை 16 டிகிரி அளவுதான். ஜனவரி, பிப்ரவரி விடியலில் சில நாட்களில் புல்லில் உறைபனி படியும். சிவனொளிபாத மலையில் வேறொரு சிக்கல். ஏறும்போது உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருக்கும். 2,243 மீட்டர் உச்சியில் சூரியோதயத்துக்காக உட்கார்ந்ததும் காற்று அந்த ஈரத்தைக் குளிராக்கிவிடும். பையில் ஒரு மாற்று பனியன் இருந்தால், மேலே போனதும் மாற்றிக்கொள்ளலாம். கனமான கம்பளியைவிட அந்த ஒரு உலர்ந்த பனியன்தான் உதவும்.

மழைக்கோட்டா குடையா? என் ஓட்டு குடைக்கு. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கோட்டுக்குள் மழையைவிட வியர்வையில் அதிகம் நனைவோம். குடை வெயிலுக்கும் ஆகும். மலையிலும் காற்று பலமான இடங்களிலும் மட்டும் கோட்டு வேண்டும். காலுக்கு, பின்வார் உள்ள செருப்பே சிறந்தது. கோவிலில் சட்டென்று கழற்றலாம், நனைந்தாலும் காயும். அனுராதபுரத்தில் தாகபை எனப்படும் தூபிகளைச் சுற்றிக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். நண்பகலில் அது கொதிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், முடியாவிட்டால் அந்தக் காலுறை உதவும். சீகிரியாவும் அப்படித்தான், கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள்.

பௌத்த விகாரைகளில் தோளும் முழங்காலும் மறைய வேண்டும், தொப்பி கூடாது. வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அங்கே அவமரியாதையாகக் கருதுவார்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும் என்பதால் வேட்டியோடு போவது வசதி.

மருந்துப் பையில் மலேரியா மாத்திரை தேவையில்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது. டெங்கு உண்டு, மழையை ஒட்டி ஏறும். அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. இரவுக்கு மட்டும் கொசுவர்த்தி வைத்துக்கொண்டு பகலில் அரைக்கை, அரைக்காலோடு திரிந்தால் பயனில்லை. பூசிக்கொள்ளும் கொசுவிரட்டியைக் காலையிலேயே பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரினும் இப்யூபுரூஃபனும் டெங்குவில் ரத்தக்கசிவை மோசமாக்கும். சிங்கராஜா போன்ற மழைக்காடுகளில் அட்டை ஏறும். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம்.

குளிர்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். வந்த முதல் மூன்று நான்கு நாள் உடம்புக்கு அந்தத் திறமை வந்திருக்காது. அந்த நாட்களில் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையே நிழலில் இருங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிராமல், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து வைத்திருங்கள். வழியெல்லாம் செவ்விளநீர் கிடைக்கும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், புறப்படும் முன் மருத்துவரிடம் வெயில் ஊருக்குப் போவதாகச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்வது மிக அவசியம்.

மின்செருகியையும் மறக்க வேண்டாம். பழைய கட்டடங்களில் நம்மூர் உருண்டை முனைக்கு இடம் இருக்கும், புதிய விடுதிகளில் பிரிட்டன் மாதிரியான சதுர முனைதான். எதற்கும் பொருந்தும் ஒரு மாற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர்த்திவலை படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருந்து சூடாகட்டும்.

மலைநாடு போகும் நாளில் மட்டும், புறப்படும் முன் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பாருங்கள்; தமிழிலும் வருகிறது. பெருமழையில் மலைப்பாதைகளும் ரயில் பாதையும் மண்சரிவால் அடைபடுவது உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். செம்மஞ்சள் வந்த மாவட்டத்துக்கு அன்று போகாதீர்கள், அறைக்குக் கட்டிய பணம் போனாலும் சரி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு மலையேறுங்கள்.