மெலிசாவை அளந்த அட்டைக் குழாய்

2025 அக்டோபர் 28 அன்று ஜமைக்காவைத் தாக்கிய மெலிசா புயலுக்குள் மணிக்கு ஏறத்தாழ 405 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதை அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் நவம்பரில் உறுதிசெய்தபோது, விமானத்திலிருந்து போடும் கருவிகள் அளந்தவற்றில், 2010-இல் மெகி என்ற பசிபிக் புயலில் பதிவாகியிருந்த 399 கிலோமீட்டர் என்ற பழைய உச்சம் இரண்டாம் இடத்துக்குப் போனது. இத்தகைய எண்கள் செய்தித் தலைப்புக்கு ஏறும்போது, கூடவே வர வேண்டிய விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுவது வழக்கம். 405 என்பது புயல் நகர்ந்த வேகம் அன்று; ஜமைக்காவுக்குத் தெற்கே கடலில் கிடந்த நாள்களில் மெலிசா மனிதர் நடக்கும் வேகத்தில்தான் ஊர்ந்தது, அப்படி ஊர்ந்ததே அதன் கொடுமை கூடியதற்கு ஒரு காரணமுமாகும். கரையிலிருந்த வீடுகளின் கூரையில் மோதிய வேகமும் அன்று. கடலுக்கு மேலே, ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில், கண நேரம் அடித்து ஓய்ந்த ஒற்றை வீச்சு அது. புயலின் வலிமையாக மயாமியிலுள்ள தேசிய ஹரிக்கேன் மையம் அறிவிப்பது, கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் ஒரு நிமிடச் சராசரியைத்தான். அந்தக் கணக்கில், மெலிசா கரையைத் தொட்ட வேளையில் அதன் வேகம் ஏறத்தாழ 295 கிலோமீட்டர். ஹரிக்கேன்களை வகைப்படுத்தும் அளவுகோலில் உச்சமான ஐந்தாம் வகைக்கு 252 கிலோமீட்டரே போதும் என்பதால், பயப்படுவதற்கு 295 என்ற இந்தச் சிறிய எண்ணே தாராளம்.

அந்த 405-ஐ அளந்தது எது என்பதுதான் இதில் சுவையான செய்தி. செயற்கைக்கோள் மேகங்களின் உச்சியைப் பார்க்கிறதே தவிர, அவற்றுக்கு அடியில் கடலை உரசிச் செல்லும் காற்றை அது நேராகக் காண்பதில்லை. நிலத்தில் நட்டுவைத்த காற்றுமானி, உச்ச வேகம் வருவதற்கு முன்பே சாய்ந்துவிடுவது உண்டு. ஆகவே புயலுக்குள் விமானத்தை ஓட்டிச் சென்று, அதன் வயிற்றிலுள்ள குழல்வழியே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையும் உடைய அட்டைக் குழாயைக் கீழே போடுகிறார்கள். டிராப்சோண்டு எனப்படும் இக்குழாய்க்குள் வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளும், ஒரு ஜிபிஎஸ் வாங்கியும், அளந்தவற்றை விமானத்துக்குச் சொல்லும் சிறிய வானொலி அனுப்பியும் இருக்கின்றன. தலைகீழாகிவிடாமல் விழுவதற்காகச் சிறு பாராசூட் ஒன்றும் விரிகிறது. காற்றின் வேகத்தை அளப்பதற்கென்று அதில் எந்த உறுப்பும் இல்லை என்பதுதான் வியப்பு.

ஆடிப்பெருக்கின்போது காவிரியின் வேகத்தை அறிய விரும்பும் ஒருவர், நீரில் கழியை ஊன்றிப் பார்த்தால் கழிதான் முறியும். ஒரு தேங்காயை மிதக்கவிட்டு, அது ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்குப் போகும் நேரத்தைக் கணக்கிட்டால் ஆற்றின் வேகம் தானே தெரிந்துவிடும். டிராப்சோண்டு அந்தத் தேங்காய். அது காற்றை எதிர்த்து நிற்பதில்லை, காற்றோடு போய்விடுகிறது. தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்துகொண்டே போவதால், இடம் மாறிய வேகமே காற்றின் வேகமாகிவிடுகிறது. ஆனால் இந்தத் தேங்காய்க்கு வாய் முளைத்திருக்கிறது: படித்துறை வரும்வரை காத்திராமல், நொடிக்கு நான்கு முறை தன் வேகத்தைக் கூவிக்கொண்டே போகிறது. அதோடு, ஆற்றுத் தேங்காய் மேற்பரப்பைவிட்டு இறங்காது. இதுவோ மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள ஒரு காற்றாற்றின் அடிவரை ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் மூழ்கிச் செல்வதால், கடலை நெருங்கும்போது மூன்று மீட்டருக்கு ஓர் அளவீடு என்ற கணக்கில் ஒவ்வோர் அடுக்கின் வேகமும் கிடைத்துவிடுகிறது. புயலின் மையமான கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவரில் போடப்பட்ட குழாய், கீழே விழும் தொலைவைப்போலப் பல மடங்கு பக்கவாட்டில் இழுத்துச் செல்லப்படுகிறது. மேலெழும் காற்று அதைச் சிறிது நேரம் மேலே தூக்கிவிடுவதும் உண்டு. கடலில் விழுந்தபின் அதை யாரும் தேடுவதில்லை.

இப்படிக் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை. குழாய்க்கும் எடை உண்டு; ஆகவே காற்று சட்டென்று வேகம் மாறினால் அது சற்றுத் தாமதமாகவே ஈடுகொடுக்கும், அந்தத் தாமதத்தைத் திருத்த வேண்டும். ஒரு குழாய் பார்ப்பது தான் விழுந்த தடத்தை மட்டுமே என்பதால், கடைசி 150 மீட்டரில் பதிவான வேகங்களின் சராசரியை எடுத்து, அதைக் கடல்மட்டத்துக்கு ஏற்பக் குறைத்துத்தான் புயலின் வலிமை மதிப்பிடப்படுகிறது. 405 என்ற எண்ணை உறுதிசெய்ய வாரக்கணக்கில் ஆனதற்கும் இத்தகைய சோதனைகளே காரணம்.

கண்ணுக்குள் போடப்படும் குழாய்க்கு வேறு வேலை. புயலின் மைய அழுத்தத்தை அளக்க வேண்டிய அது, மையத்தில் சரியாக விழுந்தால் அங்கே காற்று அடங்கியிருக்கும். காற்று பதிவானால் குறி தவறிவிட்டது என்று பொருள். அப்போது பத்து நாட் வேகத்துக்கு, அதாவது மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டருக்கு, ஒரு மில்லிபார் வீதம் கழித்துக்கொள்கிறார்கள். இயல்பாக 1010 மில்லிபார் அளவில் இருக்கும் கடல்மட்ட அழுத்தம், மெலிசாவின் மையத்தில் 892 ஆக இறங்கியிருந்தது.

இந்த அழுத்தத்தில் பணமும் அடங்கியிருக்கிறது. உலக வங்கியின் ஏற்பாட்டில் ஜமைக்கா 15 கோடி டாலருக்கு வெளியிட்டிருந்த பேரிடர்க் கடன்பத்திரம், சேதத்தைப் பார்த்து அன்று, புயல் கடந்த இடத்தையும் அதன் மைய அழுத்தத்தையும் பார்த்தே பணம் தருவதாக இருந்தது. 2024 ஜூலையில் தென்கரையை உரசிச் சென்ற பெரில் புயலின் அழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்காததால், சேதம் இருந்தும் ஒரு காசும் கிடைக்கவில்லை. மெலிசாவுக்கு முழுத்தொகையும் கிடைத்தது. நாட்டுக்கு நேர்ந்த நேரடிச் சேதம் 880 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், முழுத்தொகை என்ற சொல்லின் உண்மையான அளவு விளங்கும்.

புயலுக்குள் விமானம் ஓட்டும் வழக்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1943-இல் ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானி, ஒரு பந்தயத்துக்காகப் பயிற்சி விமானத்தை டெக்சாஸ் கரையருகே புயலுக்குள் ஓட்டியதில் இது தொடங்கியது. ஜிபிஎஸ் பொருத்திய குழாய்கள் 1997-இல் பயன்பாட்டுக்கு வந்தபின், விமானத்தின் உயரத்தில் வீசும் காற்றுக்கும் கடல்மட்டக் காற்றுக்கும் உள்ள தொடர்பு துலங்கியது. அதன் பயனாக, 1992-இல் புளோரிடாவைச் சிதைத்த ஆண்ட்ரூ புயல், பத்து ஆண்டுகள் கழித்து நான்காம் வகையிலிருந்து ஐந்தாம் வகைக்கு உயர்த்தப்பட்டது. இடிந்த வீடுகளுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

மெலிசாவின் பாதையைத் தொடக்கத்தில் கணினி மாதிரிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. சில அதை விரைவிலேயே ஹெய்ட்டி நோக்கி வடக்கே அனுப்பின, சில மேற்கே தள்ளின. அந்தப் பருவத்தில் கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மாதிரி பழைய மாதிரிகள் பலவற்றைவிடத் துல்லியமாகப் பாதையைச் சொன்னது உண்மை. போர்ட் ராயல், ஓல்ட் ஹார்பர் பே போன்ற தாழ்வான கரைப்பகுதி மக்களை முன்கூட்டியே வெளியேறச் சொல்லவும், நூற்றுக்கணக்கான முகாம்களைத் திறக்கவும் கிடைத்த அவகாசம் நல்ல கணிப்பின் பயனே. இனி விமானங்களே வேண்டாம் என்ற முடிவுக்குச் சிலர் தாவுவதுதான் பொருந்தாதது. அந்த மாதிரி பாடம் படித்தது பல்லாண்டுப் புயல் பதிவேடுகளிலிருந்து. அட்லாண்டிக்கைப் பொறுத்தவரை அந்தப் பதிவேட்டின் நம்பகம் விமானங்கள் அளந்து சேர்த்தவற்றால் வந்தது. மெலிசாவின்போது அமெரிக்க அரசின் நிதி முடக்கத்தால் கணிப்பாளர்கள் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள் என்பது, செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பாராட்டுகளில் அதிகம் இடம்பெறாத செய்தி.

வங்கக் கடலில் உருவாகும் புயல்களுக்குள் விமானம் அனுப்பும் வழக்கமான ஏற்பாடு இந்தியாவிடம் இல்லை. கடலில் இருக்கும் புயலின் வலிமையை இந்திய வானிலை ஆய்வுத் துறை, மேகங்களின் வடிவத்தையும் வெப்பநிலையையும் கொண்டு மதிப்பிடும் துவோராக் முறையில்தான் பெரும்பாலும் கணிக்கிறது. அத்துறை தருவது ஒரு நிமிடச் சராசரி அன்று, மூன்று நிமிடச் சராசரி. ஆகவே இங்கு அறிவிக்கப்படும் வேகத்தை மெலிசாவின் 295-உடன் அப்படியே ஒப்பிட முடியாது. 405-உடன் ஒப்பிடவே கூடாது.