பட்டியலின் கடைசி வரி

2021இல் டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில, சில பாடங்களுக்கு 100 சதவீத மதிப்பெண் கேட்டதை நம் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 முதல் இளநிலைப் படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. என் மகள் அதை எழுதியது 2024இல்.

விருப்பப் பட்டியலில் புகழ்பெற்ற நான்கு கல்லூரிகளை மட்டும் நிரப்பிவிட்டு, "போதும்ப்பா" என்றாள். முந்தைய ஆண்டு அந்த நான்கிலும் கடைசியாக இடம் பெற்றவர்களின் மதிப்பெண்ணைப் பார்த்தேன். நான்குமே இவளுக்கு எட்டாக்கனி.

"கீழே இன்னும் எழுதினால் அதையே கொடுத்துவிடுவார்களே?" என்று பயந்தாள். அப்படியில்லை. மேலிருந்துதான் பார்த்துவருவார்கள்; மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதைத் தொடமாட்டார்கள்.

கனவுக் கல்லூரிகளை மேலேயே விட்டோம். மதிப்பெண்ணுக்கு ஏற்றவை நடுவில், நிச்சயம் கிடைக்கக்கூடியவை கடைசியில். மயூர் விஹாரிலிருந்து தினமும் போய்வர முடியுமா என்றும் பார்த்துக்கொண்டோம்.

முதல் சுற்றில் பதினோராவது கல்லூரி கிடைத்தது. முகம் வாடினாலும் இடத்தை ஏற்று, மேலே நகர விருப்பமும் தெரிவித்தாள். ஏற்காவிட்டால் அடுத்த சுற்றே கிடையாது. இரண்டாம் சுற்றில் ஏழாவது கிடைத்தது. இன்று அங்கேதான் சந்தோஷமாகப் படிக்கிறாள்.

ஒவ்வொரு பெயரையும் எழுதுமுன், "இது மட்டுமே கிடைத்தால் சேர்வாயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். கடைசி வரிக்கும் "சேருவேன்" என்ற பதில் வரவேண்டும்.