உங்களுக்குத் தெரியுமா? சார்ஜர் சுவரில் இல்லை!

சுவரில் செருகும் 'சார்ஜர்' உண்மையில் சார்ஜரே அல்ல, அது அடாப்டர். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று முடிவெடுக்கும் சிப் உங்கள் போனுக்குள் இருக்கிறது.

• டைப்-சி அடாப்டர் முதலில் 5 வோல்ட்தான் தரும். 9 வோல்ட் வேண்டுமா? போன் கேட்க வேண்டும். கேபிள் வழியாகவே இந்தப் பேச்சு நடக்கிறது. தரமான 20 வோல்ட் டைப்-சி லேப்டாப் அடாப்டரில் போனைத் தயங்காமல் செருகலாம் என்பது இதனால்தான். அருமையான ஏற்பாடு!

• உள்ளே வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அடாப்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி அனுப்புகிறது. எனவே சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மரே போதும்.

• வழக்கமான லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் வோல்டேஜ் அங்கேயே நிறுத்தப்படும். மின்னோட்டம் படிப்படியாகக் குறையும். கடைசி 20 சதவீதம் ஏற நேரமாவது கோளாறு அல்ல, பேட்டரிக்கான பாதுகாப்பு.