டர்போ காரின் மூச்சுக் கணக்கு

ஒரு லிட்டர், 1.2 லிட்டர் கொள்ளளவு கொண்ட டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் இன்று நம் சாலைகளில் சர்வசாதாரணமாகிவிட்டன. சிறிய இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணித்து, பெரிய இன்ஜினின் பலத்தை வாங்கித் தருகிறது டர்போ. ஆனால் அது எவ்வளவு காற்றழுத்தம் தருகிறது என்று காட்டும் மீட்டர் பெரும்பாலான கார்களின் டேஷ்போர்டில் இல்லை. அதற்காகத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வதுதான் பூஸ்ட் கேஜ். 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட முகமும் ஒரு முள்ளும் கொண்ட இதைப் பலர் அலங்காரத்துக்காக வாங்குகிறார்கள். படிக்கத் தெரிந்தவருக்கோ அது இன்ஜினின் உடல்நிலையையே சொல்லிவிடும்.

பூஜ்ஜியத்துக்கு இருபுறமும்

கடல் மட்டத்தில் காற்று நம் எல்லோர் மீதும் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைச் செலுத்துகிறது. காற்று முழுக்க இறங்கிய டயரிலும் இந்த அழுத்தம் உண்டு. ஆனாலும் பங்க் கடை மீட்டர் பூஜ்ஜியம்தான் காட்டும். வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது அளக்கிறது. பூஸ்ட் கேஜும் அப்படித்தான். பூஜ்ஜியத்துக்கு வலப்பக்கம் பூஸ்ட், பி.எஸ்.ஐ. அல்லது பார் அளவில் இருக்கும். இடப்பக்கம் வாக்யூம், அதாவது வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்பது, பாதரச அங்குலத்தில் இருக்கும்.

பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்க இழுக்க, உள்வரும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் குறையும். முள் பொதுவாக 18 முதல் 20 அங்குல வாக்யூமில் நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பூஜ்ஜியத்துக்கு வரும். வெளியேறும் புகை டர்பைனை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழற்றத் தொடங்கியதும், அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் காற்றை அழுத்தும். முள் வலப்பக்கம் ஏறும். குறித்த அளவு வந்ததும் வேஸ்ட்கேட் வால்வு திறந்து, புகையில் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும். டீசல் இன்ஜினில் பொதுவாக இப்படி மூடி நிற்கும் த்ராட்டில் இல்லாததால் முள் பூஜ்ஜியத்திலிருந்தே கிளம்பும்.

இந்த முள்ளை நகர்த்தும் நுட்பம் 1849-ல் பிரான்ஸின் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்றது. வளைத்த, தட்டையான ஒரு உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். மெக்கானிக்கல் கேஜ்களில் இன்றும் இதே குழாய்தான்.

எங்கே இணைப்பது?

மெக்கானிக்கல் கேஜுக்கு மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய டியூப் காருக்குள் வரும். எலக்ட்ரானிக் கேஜில் சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருக்கும். ஒயர் மட்டும் உள்ளே வரும். டியூப் அறுந்தால் காற்றுக்கசிவு டேஷ்போர்டுக்குள் வராது என்பதால் இரண்டாவது வகை பாதுகாப்பானது.

எந்த வகையானாலும் முக்கியமான வேலை ஒன்றுதான்: த்ராட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, மேனிஃபோல்டின் அழுத்தம் நேரடியாகக் கிடைக்கும் ஒரு வாக்யூம் டியூபை வெட்டி ‘டீ’ இணைப்பைச் செருகுவது. த்ராட்டிலுக்கு முன்னால் எடுத்தால் பூஸ்ட் தெரியும், வாக்யூம் தெரியாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் டியூபைத் தொடவே கூடாது. அங்கே கசிந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் டியூபும் வேண்டாம்; அங்கே கசிந்தால் பூஸ்ட் கட்டுமீறி ஏறலாம்.

டியூபின் உள்விட்டமும் டீயின் விட்டமும் பொருந்த வேண்டும். மூன்று முனைகளிலும் கிளிப் மாட்ட வேண்டும். ஐடில் வாக்யூமில் தொளதொள டியூபும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பூஸ்ட் ஏறும்போதுதான் கழன்று தெறிக்கும். இன்ஜின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை டியூபோ ஒயரோ கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் இல்லாவிட்டால் தகரத்தின் விளிம்பு நாளடைவில் அறுத்துவிடும். டர்போவின் சூடு படாத பாதையும் வேண்டும். ஒயரிங்கைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கேஜுக்கான மின்சாரத்தை, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் சர்க்யூட்டிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து எடுங்கள். முன்கண்ணாடியின் ஓரத்தூணில் மாட்டுவது அழகுதான். ஆனால் பல கார்களில் அந்தத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. அப்படியானால் அங்கே எதையும் பொருத்தக் கூடாது.

முள் சொல்வதும் சொல்லாததும்

வழக்கமான வாக்யூம் குறைந்து ஐடிலும் தடுமாறினால் எங்கோ காற்று கசியலாம். முள் சீராகத் துடித்துக்கொண்டே இருந்தால் வால்வுகளைச் சோதிக்கச் சொல்லலாம். பூஸ்ட் வழக்கமான அளவுக்கு ஏறவில்லை என்றால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் விரிசலோ வேஸ்ட்கேட்டில் கோளாறோ இருக்கலாம். வழக்கத்தைத் தாண்டி ஏறினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். அந்த அழுத்தம் பிஸ்டனையே பதம்பார்க்கும்.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் 20 அங்குலம் காட்டிய முள், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் 13 அங்குலத்தையே காட்டும். இன்ஜினில் கோளாறு இல்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. மெலிந்த காற்றில் இன்ஜினின் பலத்தைக் காப்பாற்ற டர்போ உதவும் என்பதை 1918-லேயே சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சியில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், ஒரு விமான இன்ஜினை ஓட்டி நிரூபித்தார்.

முள் சொல்லாத ஒன்றும் உண்டு. அது காட்டுவது அழுத்தம். காற்றின் எடை அல்ல. 30 டிகிரி காற்றை 0.7 பார் பூஸ்டுக்கு அழுத்தினால் அது ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாகும். அப்படியே இன்ஜினுக்குள் போனால் கிடைக்கும் கூடுதல் காற்று 40 சதவீதத்துக்கும் குறைவு. இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்குக் குளிர்வித்தால் கூடுதல் 60 சதவீதத்தை நெருங்கும். இரண்டு நிலையிலும் கேஜ் 0.7 என்றே காட்டும். ஆகவே பூஸ்டை ஏற்றினால் பலம் அதே கணக்கில் ஏறும் என்று நம்பி யாரும் டியூனிங்கில் கைவைக்க வேண்டாம்.

கேஜ் பொருத்திய முதல் வாரத்திலேயே, இன்ஜின் நன்றாக இருக்கும்போது மூன்று அளவுகளைக் குறித்துவையுங்கள்: சூடான இன்ஜினின் ஐடில் வாக்யூம், முழு ஆக்சிலரேட்டரில் உச்ச பூஸ்ட், காலை எடுத்ததும் விழும் வாக்யூம். ஓட்டுபவர் முள்ளைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். பிறகு ஒருநாள் மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால், “பிக்கப் இல்லை” என்று மட்டும் சொல்லாமல் அன்றைய எண்களையும் இன்றைய எண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.